பச்சை முக்கோணத்தை அமுக்கினால் என்ன ஆகும்?

ஆண்ட்ராய்டு ஸ்டூடியோவைத் திறந்தால் மேல்வரிசையில் ஒரு குட்டிப் பச்சை முக்கோணம் கண்ணில் படும். அதை அமுக்கினால் ஆப் ஓடும். அவ்வளவுதான் விஷயம். ஆனால் முதல்முறை ஆப் செய்கிறவர்கள் அம்புக்குறியை அதன்மேல் கொண்டுபோய் வைத்துவிட்டு, அமுக்காமல், தண்ணீர் குடிப்பார்கள், மின்விசிறியைப் பார்ப்பார்கள், வாட்ஸப்பைத் திறந்து மூடுவார்கள். உள்ளே என்னவோ பெரிய மர்மம் இருப்பதாக ஒரு பயம். எனக்கோ அந்த மர்மத்தை எட்டிப் பார்த்தே ஆகவேண்டும் என்று ஒரு அரிப்பு.

அதற்கு வாய்த்த இடத்தைப் பாருங்கள்: திருவண்ணாமலை மாவட்டத்து ஆரணி! கமண்டல நாகநதிக் கரை. அரிசிக்கும், புவிசார் குறியீடு வாங்கிய பட்டுக்கும் பேர்போன ஊர். அங்கே ஒரு நெசவாளர் வீடு. கீழே அப்பா தறியில், மாடியில் மகள் மடிக்கணினியில். “பேர் போடாதீங்கண்ணா, ஆப் ஓடலைன்னா காலேஜ்ல கலாய்ச்சியே கொன்னுடுவாங்க” என்று அவள் முதலிலேயே சொல்லிவிட்டதால் பேர் இல்லை.

என்ன ஆப்? வீட்டில் ஒரு பழைய நோட்டு இருக்கிறது. முதலாளியிடமிருந்து பட்டும் ஜரிகையும் எடை போட்டு வரும். புடவை அறுத்ததும் எடை போட்டுப் போகும். வந்த எடை, போன எடை, நடுவில் கழிவு, கூலி, ஏற்கெனவே வாங்கிய முன்பணம், அதில் இந்தத் தடவை பிடித்தது. எல்லாம் அந்த நோட்டில், அப்பா ஒருவருக்கு மட்டுமே புரியும் எழுத்தில். இதைப் போனில் ஏற்றவேண்டும். நான்கைந்து கட்டங்கள், ஒரு பொத்தான், கீழே ஒரு விடை. முதல் ஆப் இந்த அளவில் இருந்தால்தான் உருப்படும் என்பது என் கட்சி. ஊரையே புரட்டிப் போடும் ஆப் செய்யப்போகிறேன் என்று கிளம்புகிறவர்கள் பெரும்பாலும் லோகோ வரைந்த கையோடு நின்றுவிடுகிறார்கள். தன் வீட்டுக்குள்ளேயே ஒரு தொல்லையும், அந்தத் தொல்லையைத் தினமும் அனுபவிக்கும் ஒரு ஆளும் இருந்தால் பாதி ஆப் முடிந்தது.

சரி, முதல் கூத்து போனில். கணினியில் எழுதியதைப் போனுக்கு அனுப்ப, போனில் டெவலப்பர் ஆப்ஷன்ஸ் என்ற அறை திறக்கவேண்டும். அது ஒளித்து வைக்கப்பட்ட அறை. செட்டிங்ஸ் உள்ளே போய், போனைப் பற்றிய பக்கத்தில் ‘பில்டு நம்பர்’ என்று ஒரு வரி இருக்கும். பார்த்தால் வெறும் எண். அதன்மேல் 7 முறை தட்டவேண்டும்! ஆறு இல்லை, ஏழு. தட்டத் தட்ட, டெவலப்பர் ஆவதற்கு இன்னும் இத்தனை படிதான் பாக்கி என்று போனே எண்ணிக்கொண்டு வரும். ஏழாவது தட்டில், நீங்கள் இப்போது டெவலப்பர் ஆகிவிட்டீர்கள் என்று அறிவித்துவிடும். நான்கு வருஷப் படிப்பு, கேம்பஸ் இன்டர்வியூ எதுவும் கேட்கவில்லை. பக்கத்தில் உட்கார்ந்திருந்த அவள் அத்தை பையன் தன் போனிலும் ஏழு தட்டு தட்டி டெவலப்பர் ஆகிக்கொண்டான். அவன் படிப்பது எட்டாவது.

பிறகு யூஎஸ்பி டீபக்கிங்கை இயக்கி, வயரைச் சொருகி, கடைசியில் அந்தப் பச்சை முக்கோணம். அமுக்கினாள்!

ஒன்றும் ஆகவில்லை. கீழே ஒரு பட்டை மட்டும் நகர்ந்துகொண்டே இருந்தது. ஆண்ட்ராய்டு ஸ்டூடியோவே ஒரு ஜிபிக்கு மேல் இறக்கவேண்டிய சமாசாரம். முதல் ஓட்டத்தில் அது தனக்கு வேண்டிய சாமான்களை வேறு இணையத்திலிருந்து வாரிக்கொண்டு வரும். போன் ஹாட்ஸ்பாட்டில் என்றால் கேட்கவே வேண்டாம். அந்த நேரத்தில் பின்னால் நடப்பதைத்தான் நான் பார்க்க வந்தேன். கிரேடில் என்று ஒருவர் இருக்கிறார். கல்யாண வீட்டுச் சமையல் மேஸ்திரி மாதிரி: தானாக எதையும் கிளறமாட்டார், ஆனால் யார் எப்போது எதை நறுக்கவேண்டும், எது வெந்தபின் எது இறங்கவேண்டும் என்பது முழுக்க அவர் கையில். அவர் சொல்படி, அவள் கோட்லின் மொழியில் எழுதியது முதலில் ஜாவா உலகத்துக்குப் பழக்கமான இடைநிலைக் குறியீடாக மாறுகிறது. அது போதாது, ஆண்ட்ராய்டுக்குப் புரியும் டெக்ஸ் என்ற வடிவத்துக்கு இன்னொரு முறை மாறுகிறது. படங்கள், எழுத்துகள், நிறங்கள் ஒரு பக்கம் தயாராகின்றன. எல்லாம் ஒரே பொட்டலமாகக் கட்டப்பட்டு, சோதனைக்கென்று இருக்கும் ஒரு சாவியால் கையெழுத்திடப்பட்டு, வயர் வழியே போனுக்குள் இறங்கி, ஐகான் முளைத்து, தானே திறந்துகொள்கிறது. கையெழுத்து இல்லாத பொட்டலத்தைப் போன் வாசலிலேயே நிறுத்திவிடும்.

அந்தப் பொட்டலம்தான் ஏபிகே. நாம் எல்லாரும் வாட்ஸப்பில் யாருக்காவது அனுப்பியிருப்போம். ரகசியம் தெரியுமா? அது வெறும் ஜிப் கோப்பு! கடைசியில் இருக்கும் ஏபிகே என்பதை எடுத்துவிட்டு ஜிப் என்று மாற்றினால் சாதாரணமாகத் திறந்துகொள்ளும். உள்ளே டெக்ஸ் கோப்பு, படங்கள், மேனிஃபெஸ்ட் என்ற ஒரு ஜாதகம். இந்த ஆப்பின் பெயர் என்ன, முதலில் எந்தப் பக்கம் திறக்கவேண்டும், கேமரா வேண்டுமா, இருப்பிடம் வேண்டுமா என்பதெல்லாம் அந்த ஜாதகத்தில்தான். தறிக்கணக்கு ஆப்பின் ஜாதகத்தில் அனுமதி எதுவும் கேட்கப்படவில்லை. டார்ச் லைட் ஆப் ஒன்று போன் புத்தகத்தையே கேட்கிற காலத்தில் இது எனக்கு ரொம்பப் பிடித்தது.

திரையில் கட்டங்கள் வந்தன. அவள் கத்திய கத்தலில் கீழே தறி நின்றது. “இன்னாம்மா ஆச்சு?”

இங்கே நானும் கீழே இறங்கிவிட்டேன். ஏனென்றால் அப்பாவின் தறிக்கு மேலே உட்கார்ந்திருக்கிறதே ஒரு ஜக்கார்டு பெட்டி, அதைப் பார்க்காமல் இந்தக் கதையைச் சொல்லவே முடியாது. பார்டருக்கும் முந்திக்கும் பூ போடும் பெட்டி. அதில் கோத்த அட்டைகள் வரிசையாகத் தொங்குகின்றன. அட்டை முழுக்க ஓட்டைகள். ஒரு மிதிக்கு ஒரு அட்டை முன்னால் வரும். ஓட்டை இருக்கும் இடத்தில் ஊசி உள்ளே நுழையும், அதோடு சேர்ந்த கொக்கி தன் இடத்திலேயே நிற்கும், மேலே தூக்கும் கத்தி அதைப் பிடித்துத் தூக்கும், பாவு இழை எழும். ஓட்டை இல்லாத இடத்தில் அட்டை ஊசியைத் தள்ளிவிடும், கொக்கி விலகிவிடும், இழை கீழேயே கிடக்கும். எழுந்த இழைகளுக்கு அடியில் நாடா பாயும். அடுத்த மிதி, அடுத்த அட்டை. உண்டு, இல்லை, உண்டு, உண்டு, இல்லை... ஒன்று, சுழி, ஒன்று, ஒன்று, சுழி! மாடியில் மகள் இரண்டு கட்ட மொழிபெயர்ப்புக்குப் பிறகு கொண்டுபோய்ச் சேர்க்கும் இடத்தில் அப்பா நேரடியாகவே உட்கார்ந்திருக்கிறார்.

இது என் கற்பனைப் பாலம் இல்லை, சரித்திரமே இப்படித்தான் நடந்திருக்கிறது. பிரான்ஸின் லியோன் நகரத்து ஜோசப் மரி ஜக்கார்டு இந்தப் பெட்டியை 1804இல் கொண்டுவந்தார். 1839இல் அவருடைய உருவத்தையே பட்டில் நெய்தார்கள். அதற்குத் தேவைப்பட்ட அட்டைகள் சுமார் 24,000. அச்சடித்த படம் என்றே பார்த்தவர்கள் நினைத்தார்கள். அந்தப் பட்டுப் படத்தில் ஒன்றை லண்டனில் சார்லஸ் பாபேஜ் வாங்கி வைத்துக்கொண்டு, வீட்டுக்கு வரும் விருந்தாளிகளிடமெல்லாம் காட்டிப் பெருமைப்பட்டார். தாம் கட்ட நினைத்த கணிப்பொறிக்கும் அதே ஓட்டை அட்டைகளைத்தான் திட்டமிட்டார். 1890இல் அமெரிக்க மக்கள்தொகைக் கணக்கை ஹெர்மன் ஹாலரித் ஓட்டை அட்டைகளால் எண்ணினார். அவர் கம்பெனிதான் பிற்பாடு ஐபிஎம் ஆன வரிசையில் சேர்ந்தது. ஆக, ஆரணி, சேவூர், ஒண்ணுபுரம், தேவிகாபுரம் பக்கத்துப் பிள்ளைகள் புரோகிராமிங் நமக்கு வருமா என்று கேட்டால் எனக்குச் சிரிப்பு வருகிறது. உங்கள் வீட்டு உத்தரத்திலிருந்துதானப்பா அது கிளம்பியது!

மேலே திரும்புவோம், அங்கே ரகளை ஆரம்பம்.

அப்பாவே வந்து உட்கார்ந்தார். ஊடைப் பட்டு இரண்டு தவணையாக வந்தது: 0.1 கிலோ, 0.2 கிலோ. கூட்டச் சொன்னார். ஆப் சொன்ன விடை 0.30000000000000004.

ஒரு நிமிஷம் மௌனம். “அந்தக் கடைசி நாலு யாரு வூட்டு நாலும்மா?”

கேள்வி நியாயமானது! கணினிக்கு எல்லாமே இரண்டின் அடுக்கில்தான். அரை, கால், அரைக்கால் என்றால் துல்லியமாகப் பிடித்துக்கொள்ளும். பத்தில் ஒன்று என்பது அந்த முறையில் முடிவே இல்லாமல் நீளும். எங்கோ ஓர் இடத்தில் வெட்டியாகவேண்டும். வெட்டிய துணுக்குகள் கூட்டும்போது இப்படித் தலைகாட்டும். ஆரணி என்றில்லை, உலகத்தின் எந்த மூலையில் கேட்டாலும் இதே நாலுதான் வரும். தீர்வு சுலபம், அதையும் அப்பாவே சொல்லிவிட்டார்: “கிலோல ஏன் எழுதற? பட்ட நாங்க கிராம்லதான பேசறோம்.” முழு எண்களாக கிராம். பணம் என்றால் முழு எண்களாக பைசா. திரையில் காட்டும்போது மட்டும் கிலோவாகவோ ரூபாயாகவோ மாற்றிக்கொள். காசு கையாளும் மென்பொருள் எழுதுகிறவர்கள் நெடுங்காலமாகச் சொல்லிவரும் புத்திமதி இது. தராசைப் பிடித்துப் பழகியவர் ஒரு வாக்கியத்தில் முடித்துவிட்டார்.

அடுத்தது இன்னும் வேடிக்கை. புடவைகளின் எண்ணிக்கையைக் கூட்டுவதற்கு ஒரு பொத்தான். அமுக்க அமுக்க 1, 2, 3 என்று ஏறுகிறது. அப்பா போனைத் தறிக்கட்டையில் சாய்த்து வைத்தார், படுக்கைவாட்டில் திரும்பியது, எண்ணிக்கை சுழி! திரும்ப ஏற்றினார், திரும்பச் சாய்த்தார், திரும்பச் சுழி. போனைக் கழுத்தைப் பிடித்துக் குலுக்கவும் பார்த்தார். நடப்பது என்ன என்றால், ஆண்ட்ராய்டில் போன் திரும்பினால் அந்தப் பக்கம் திரும்புவதில்லை. பழைய பக்கம் செத்துப்போய், புதிய பக்கம் புதிதாகப் பிறக்கிறது. நமக்குக் கண்மூடித் திறக்கும் நேரம்தான், உள்ளே ஒரு பிறவியே முடிந்துவிடுகிறது. சாகும் முன் எண்ணிக்கையை எங்காவது ஒப்படைத்துவிட்டுப் போகச் சொல்லவேண்டும். இப்போதைய ஜெட்பேக் கம்போஸ் முறையில் ‘ரிமெம்பர்’ என்று எழுதினால் போதாது, ‘ரிமெம்பர் சேவபிள்’ என்று எழுதவேண்டும். ஆப்பை மூடினாலும் நிலைக்க வேண்டிய கணக்கு என்றால் போனுக்குள்ளேயே ஒரு தரவுக்கிடங்கு வேண்டும். ரூம் என்ற கருவி அதற்கு. இந்தப் பாடத்தை எல்லாப் புத்தகமும் வரைபடம் போட்டு விளக்கும். ஒரு மனுஷர் போனைச் சாய்த்துவிட்டு முறைக்கும்போது புரிகிற வேகம் அந்த வரைபடத்தில் வராது.

வயரும் போனும் இல்லாதவர்களுக்கு எமுலேட்டர் இருக்கிறது. கணினிக்குள் ஒரு பொய்ப் போன். அதில் நான் அரை மணி நேரம் தொலைந்துபோனேன். பேட்டரி 5 சதவீதம் என்று நாமே வைத்து ஆப் எப்படித் தவிக்கிறது என்று பார்க்கலாம். நாமே அதற்கு ஃபோன் பண்ணலாம், கணக்கு எழுதும் நடுவில் முதலாளி கூப்பிட்டால் என்ன ஆகும் என்று தெரிந்துகொள்ள. எங்கே இருக்கிறாய் என்று கேட்டால் கலிபோர்னியா மவுன்டன் வியூ என்கிறது. கூகுள் தலைமையகம் இருக்கும் ஊர். ஆரணி என்று மாற்றினோம், மறுபேச்சு இல்லாமல் வந்து சேர்ந்தது. ஒரே குறை, சின்னக் கணினிகளில் இது மூச்சு வாங்கும். 8 ஜிபிக்குக் குறைந்த நினைவகம் என்றால் நிஜ போனே மேல். கணினியே சரியில்லை என்கிறவர்கள் எம்ஐடி ஆப் இன்வென்டர் பக்கம் போகலாம். உலாவியிலேயே வண்ணக் கட்டைகளை ஒன்றோடொன்று பொருத்தினால் ஆப் தயார். கூகுளில் 2010இல் பிறந்து எம்ஐடிக்குக் குடிபெயர்ந்தது. இழுத்துப் பொருத்துவது பிள்ளை விளையாட்டு என்று இளக்காரம் செய்பவர்களை நான் சட்டை செய்வதில்லை. அப்பாவின் அட்டைகளில் ஓர் எழுத்துகூட இல்லை.

இப்போது நான் காத்திருந்த இடம். ஆண்ட்ராய்டைக் கட்டியவர்கள் உள்ளே ஒளித்து வைத்திருக்கும் குறும்புகள்! அதிகாரபூர்வ ஆவணங்களில் இருப்பவை, நானாகச் சொல்லவில்லை. நடக்கவே கூடாதது நடந்துவிட்டால் பதிவு செய்ய ‘லாக் டபிள்யூடிஎஃப்’ என்று ஒரு கட்டளை; அந்த மூன்று எழுத்துக்கு விரிவு என்று அவர்கள் தருவது ‘வாட் எ டெரிபிள் ஃபெயிலியர்’. நாம் நம்பிவிட்டோம். ஈர்ப்பு விசைக்கென்று உள்ள எண்களின் பட்டியலில் பூமி, செவ்வாய், வியாழன் வரிசையில் ஸ்டார் வார்ஸ் படத்து டெத் ஸ்டாரும் இருக்கிறது. திரையைத் தாறுமாறாகத் தட்டிச் சோதிக்கும் கருவிக்குப் பெயர் மங்கி; தட்டுவது குரங்கா என்று ஆப் கேட்டுத் தெரிந்துகொள்ளவும் வழி உண்டு. இதெல்லாம் கிடக்கட்டும், ‘இஸ் யூசர் எ கோட்’ என்று ஒன்று. பயன்படுத்துகிறவர் ஆடா?! முதலில் எப்போதும் இல்லை என்றே சொல்லிக்கொண்டிருந்தது. ஆண்ட்ராய்டு லாலிபாப் காலத்தில், போனில் ‘கோட் சிமுலேட்டர்’ விளையாட்டு இருந்தால் ஆமாம், ஆடுதான் என்றது. ஆண்ட்ராய்டு 11 முதல் மறுபடி இல்லை என்றே சொல்கிறது. காரணம்? ஆடுகளின் தனியுரிமையைக் காக்க! ஆவணத்தில் அப்படியேதான் எழுதியிருக்கிறார்கள். இதைப் படித்துக் காட்டியபோது தெருவில் நிஜமாகவே நாலு ஆடுகள் நின்றன. அவற்றுக்கு ஒரு கவலையும் இருந்ததாகத் தெரியவில்லை.

தமிழ் விஷயத்துக்கு வருகிறேன், இங்கே சிரிப்போடு கொஞ்சம் எரிச்சலும் உண்டு. புடவையின் டிசைன் பெயருக்கு ஒரு கட்டம். எட்டு எழுத்து போதும் என்று எல்லை போட்டிருந்தாள். அப்பா சேர்த்தே எழுதினார்: மயில்சக்கரம். எண்ணிப் பாருங்கள், எட்டு எழுத்துதான். ஆப்பில் நின்றது ‘மயில்சக்’. யூனிகோடில் க ஒன்று, அதன் புள்ளி தனியாக இன்னொன்று. யி என்பது ய ஒன்று, கொக்கி ஒன்று. ஆகவே நம் எட்டு அதற்குப் பன்னிரண்டு. எழுத்துகளை நம் முறையில் பிரித்து எண்ணும் கருவி ஆண்ட்ராய்டிலேயே இருக்கிறது, தேடி எடுத்துப் பயன்படுத்தவேண்டும். நம் சொற்கள் நீளம் வேறு, ‘சேவ்’ அடங்கிய பொத்தானில் ‘சேமிக்கவும்’ வழிகிறது. அப்பா வயதுக்காரர்கள் எழுத்தைப் பெரிதாக வைத்திருப்பார்கள், அப்போது இன்னும் வழியும். என்றாலும் குறை சொல்லத் தோன்றவில்லை. மலேசியாவின் முத்து நெடுமாறன் 2005இல் செல்லினத்தைக் கொண்டுவந்தபோது, செல்பேசியில் தமிழில் ஒரு குறுஞ்செய்தி அனுப்புவதே சாதனை. இன்று புள்ளி எண்ணிக்கையில் சண்டை போடும் வசதிக்கு வந்திருக்கிறோம்.

வீட்டோடு வைத்துக்கொள்ள ஏபிகே போதும். ஆனால் பக்கத்துத் தெருவும் கேட்கிறது என்பதால் பிளே ஸ்டோர். ஒரே ஒரு தடவை 25 டாலர் கட்டணம். நம் காசில் இரண்டாயிரத்துச் சொச்சம். அங்கே இன்னொரு கூத்து காத்திருந்தது. 2023 நவம்பர் 13க்குப் பிறகு தொடங்கிய தனிநபர் கணக்கு என்றால், வெளியிடும் முன் 12 பேர் தொடர்ந்து 14 நாள் அந்த ஆப்பைச் சோதிக்கச் சேர்ந்திருக்கவேண்டும். முதலில் 20 பேர் என்றிருந்ததைக் குறைத்தார்கள். பன்னிரண்டு பேரை நகரத்துப் பிள்ளைகள் எங்கே பிடிப்பார்களோ தெரியாது. ஆரணியில் ஒரு தெருவுக்குள் ஒரே மாலையில் பிடித்தாயிற்று: சித்தப்பா, பெரியப்பா, இரண்டு மாமா, பாவு போடும் அண்ணன், சாயப்பட்டறை அக்கா, எட்டாவது படிக்கும் அந்த டெவலப்பர் இத்யாதி. கூகுள் கணக்கின் பாஸ்வேர்டு மறந்தவர்களுக்கு அதை மீட்டுத் தருவதே தனி வேலையாகிவிட்டது. நடுவில் ஒரு மாமா ‘போன் ஸ்லோவா இருக்கு’ என்று ஆப்பைத் தூக்கிவிட, அவர் வீட்டுக்கு ஓடிப்போய்த் திரும்ப ஏற்றிவிட்டு வந்தாள்.

இந்தக் கட்டத்தில் இரண்டு விஷயத்தில் விளையாட்டே கூடாது. ஆப்பின் உள்பெயரை வெளியிட்டபின் மாற்றவே முடியாது. சோதனைக்கு ‘டெஸ்ட்1’ என்று வைத்துத் தொலைத்தால் ஆயுளுக்கும் அதுதான். இன்னொன்று கையெழுத்துச் சாவிக் கோப்பு. அதையும் பாஸ்வேர்டையும் கணினிக்கு வெளியே இன்னொரு பிரதி வைக்காதவர்களுடன் நான் பேசுவதில்லை.

வெளியான பிறகுதான் நிஜ வேலை. பொத்தானைத் தொட்டபின் 5 விநாடி ஆப் வாய் திறக்காவிட்டால், இது அசையவில்லை, மூடட்டுமா என்று போன் கேட்டுவிடும். கணக்குக் கிடங்கைத் துழாவும் வேலையைப் பின்னணிக்கு அனுப்பியாகவேண்டும். அதைச் சரிசெய்து முடிப்பதற்குள் சாயப்பட்டறை அக்காவுக்கு நிறம் எழுத ஒரு கட்டம் வேண்டும். சித்தப்பாவுக்கு ஜரிகை தனிக் கணக்கு வேண்டும். பாவு போடும் அண்ணனுக்கு நோட்டில் இருப்பது மாதிரியே கோடு வேண்டும். பெரியப்பாவுக்கு முன்பணம் பக்கம் யார் கண்ணிலும் படக்கூடாது, குறிப்பாகப் பெரியம்மா கண்ணில். ஒவ்வொரு மாற்றத்துக்கும் ஆப்பின் வெர்ஷன் கோடு முந்தையதைவிட ஒரு எண்ணாவது கூடவேண்டும். பிளே ஸ்டோர் அனுமதிக்கும் உச்சவரம்பு 210,00,00,000. அவள் இப்போது 6இல் இருக்கிறாள். பெரியப்பா நேற்று ராத்திரியும் ஃபோன் பண்ணியிருக்கிறார்.